ஆய்வரங்கமும் வத்தல்மலை வழிக்கதையும்

கல்லூரி ஆண்டு பிறந்து இரண்டு திங்கள் கழிந்துவிட்டால் போதும், பல்கலைக் கழக வளாகங்களின் அறிவிப்புப் பலகைகள் நிறைந்துவிடும். இன்ன நாளில் இலக்கியக் கருத்தரங்கு, இன்ன நாளில் அறக்கட்டளைச் சொற்பொழிவு, வரலாற்றுத் துறையினர் நடத்தும் கண்காட்சி, மாணவர் நாடகம், இசையரங்கு என்று வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியல் நீளும். அவற்றைக் கண்ணுறும் நம் பெற்றோரிற் பலர், “இவற்றாற் பிள்ளைக்கு மதிப்பெண் கூடுமா, வேலை கிடைக்குமா?” என்று வினவுகின்றனர். வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைப்போர் கேட்கும் கேள்வியாதலின் அதனை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. ஆயினும் அக்கேள்விக்கு விடையிறுக்குமுன் வேறொன்றை ஆராய வேண்டியிருக்கின்றது. பலர் கூடியிருக்க ஒருவர் தாம் அறிந்ததை எடுத்துரைப்பதும், கேட்டோர் அதனைத் தடுத்தும் தொடுத்தும் வினவுவதுமாகிய இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இதனால் விளைந்தது யாது?

அரபு மொழி கற்றோர்க்கு முதலில் நினைவில் எழுவது உக்காழ் சந்தையே. தாயிபு நகருக்கருகே துல்கஃதா மாதத்தில் கூடிய அச்சந்தையில் தோலும் பேரீச்சம் பழமும் விலை போயின. அவற்றோடு கவிதையும் அரங்கேறியது. நாபிஙா என்னும் முதுபெரும் புலவருக்குச் செந்தோலால் ஒரு கூடாரம் அமைக்கப்படும். புலவர்கள் அதனுட் புகுந்து தம் பாக்களைப் பாடிக் காட்டுவர். அவர் தீர்ப்புக் கூறுவார். பின்னாளில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கவிஞராய் விளங்கிய ஹஸ்ஸான் (ரலி) அவர்கள், இஸ்லாத்துக்கு முற்பட்ட தம் இளமைக் காலத்தில், தம் குலப் பெருமையைப் பாடி அங்கு நின்றார்கள். நாபிஙாவோ, விருந்தோம்பும் கலங்களைக் கூறுமிடத்துச் சிறு தொகையைக் குறிக்கும் பன்மையை ஆண்டமையையும், வாளிலிருந்து பெருகி ஓட வேண்டிய குருதியைச் சொட்டுவதாக உரைத்தமையையும் சுட்டிக் குறை கூறினார் என்று இலக்கிய நூல்கள் சொல்லும். அதே அரங்கில், தம் உடன்பிறந்தாராகிய ஸக்ருக்கு இரங்கற்பா பாடிய கன்ஸா (ரலி) என்னும் பெண்பாற் புலவரை அவர் உச்சிமேல் வைத்துப் புகழ்ந்தார். குலத் தலைவர்களின் சிறப்பிருக்கைகள் அக்கூடாரத்துக்கு வெளியே நின்றுவிட்டன. உள்ளே செல்லுபடியானது சொல்லின் தகுதி ஒன்றே. பெண்ணொருத்தியின் பா ஆடவர் பாக்களோடு ஒரே தராசில் நிறுக்கப்பட்டது என்பதை நம் வீட்டுப் பெண்மக்களும் அறிந்துகொள்ளல் நலம்.

இதனினும் சுவையான அரங்கு ஒன்று பக்தாதில் ஹிஜ்ரி 320ல், அதாவது கி.பி. 932ல் கூடியது. அமைச்சர் இப்னுல் ஃபுராத் அவர்களின் அவையில் மத்தா இப்னு யூனுஸ் என்னும் கிறித்தவ அறிஞரும், அபூ ஸயீத் அஸ்ஸீராஃபீ என்னும் இலக்கண ஆசிரியரும் எதிரெதிரே அமர்ந்தனர். மத்தா என்பார் அரிஸ்டாட்டிலின் கவிதையியலைச் சுரியானி மொழியிலிருந்து அரபுக்குக் கொணர்ந்தவர். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய அளவை நூல் ஒன்றே கருவி, அது எம்மொழியார்க்கும் பொது என்பது அவர் கொள்கை. ஸீராஃபீயோ, அளவை நூல் கிரேக்கர் தம் மொழிக்கு வகுத்த வழக்கு, ஒரு மொழியின் நுட்பம் அறியாதார் அம்மொழியிற் பொருளை நிறுக்க இயலாது என்று மறுத்தார். ‘வாவ்’ என்னும் ஓரெழுத்து இடைச்சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கேட்டார், மத்தா திகைத்தார். ‘ஸைது சகோதரர்களிற் சிறந்தவர்’ என்பதற்கும் ‘ஸைது தம் சகோதரர்களிற் சிறந்தவர்’ என்பதற்கும் வேறுபாடு யாதெனக் கேட்டார். இரண்டும் சரியே என்றார் மத்தா. முன்னது பொருந்தும், பின்னது பொருந்தாது. ஏனெனில் ஸைதின் சகோதரர் யாரென்று எண்ணத் தொடங்கினால் அவ்வெண்ணிக்கையில் ஸைது அடங்கார் என்றார் ஸீராஃபீ. அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ இவ்விவாதத்தை எழுதிவைத்தமையால் ஆயிரம் ஆண்டு கடந்தும் நாம் அதனைப் படிக்கின்றோம். வென்றவர் சொன்னதே முழு உண்மை என்று நாம் கொள்வதில்லை. மத்தாவின் பக்கத்திலும் நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகின்றது. எனினும் மாற்றுச் சமயத்து அறிஞர் ஒருவர் கலீஃபாவின் தலைநகரில் அச்சமின்றி அமர்ந்து வாதிட்டார் என்பதும், வாதம் ஓர் இடைச்சொல்லைப் பற்றி எழுந்தது என்பதும் எண்ணி எண்ணி மகிழத்தக்கன.

தமிழகத்தில் இவ்வரங்குக்கு ஈடானது அரங்கேற்றம். நூலொன்று எழுதி முடிந்ததும் புலவர் அதனைச் சான்றோர் அவையிற் பாடிப் பொருளுரைத்துத் தடைக்கு விடை கூறுதல் வேண்டும். அவை ஏற்றாலன்றி நூல் நூலாகாது. நம் இலக்கியங்களுள் முழுமையாகக் கிடைப்பனவற்றுள் முந்தியதாகக் கருதப்படும் ஆயிரமசலா 1572ஆம் ஆண்டையது. 1590ல் ஆலிப்புலவர் தம் மிஃராசு மாலையைக் கோட்டாற்றில் அரங்கேற்றியபோது பாவாடைச் செட்டியார் என்பார் துணை நின்றார் என்பது வழிவழி வந்த செய்தி. விண்ணேற்றத்தைப் பாடிய முஸ்லிம் புலவரின் நூலுக்கு அரங்கு அமைத்தவர் ஓர் இந்துப் பெருமகனார் என்பதை நம் மக்கள் இன்றும் நன்றியோடு பேசுவர். உமறுப் புலவர் சீறாவைப் பாடுவதற்குரிய செய்திகளை அல்லாமா சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை அணுகிப் பெற்றதும், வள்ளல் சீதக்காதிக்குப் பின் அபுல் காசீம் மரைக்காயர் புலவரைப் புரந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவையே. அவற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. சீறாவின் 5027 பாடல்களும் ஏட்டில் இருந்தவை, 1842ல் சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறின என்பதை மட்டும் நினைவிற் கொள்வோமாக.

அரங்கேற்றத்தின் கடைசிப் பெருஞ்சுடர் என்று நாம் கருதுவது கோட்டாற்று இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அவர்களை. சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் கற்ற அவர்கள், 1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார்கள். ஒருபுறம் கணக்கு, ஒருபுறம் ஈற்றடிக்குப் பாட்டு, ஒருபுறம் முதுகில் விழும் பொருள்களின் எண்ணிக்கை என நூறு செய்திகளை ஒரே வேளையில் மனத்திற் கொண்டு விடையளித்தல் எளிதன்று. அருட்பா, மருட்பா வழக்கில் வள்ளலார் பக்கம் நின்று வாதிட்டவர்களும், சீறாவுக்கு உரை வரைந்தவர்களும் அவர்களே. 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தில் நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்கள் நக்கீரர் எனப் போற்றப்பட்டதும் இதே காலத்தையொட்டியதே. இவர்கள் எவரும் பல்கலைக் கழகத்திற் பயின்றவரல்லர். பல்கலைக் கழகமும் அந்நாளில் இவர்களைத் தேடி வந்ததில்லை.

சென்னைப் பல்கலைக் கழகம் 1857ல் தோன்றியது. நெடுங்காலம் அதன் பெரும்பணி தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதாகவே இருந்தது. தமிழுக்கு வித்துவான் பட்டமும் அரபுக்கு அஃப்ஸலுல் உலமாப் பட்டமும் அதன் கீழைமொழித் தேர்வுகளால் வந்தன. மதரஸாவில் ஓதியவர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக அமர்வதற்கு அப்பட்டம் வாயிலாயிற்று; அரபும் தமிழும் ஒருங்கே பயின்ற ஆசிரியர் வரிசை ஒன்று அவ்வாறே உருவாயிற்று. 1929ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. 1941ல் அதன் வளாகத்திற் கூடிய தமிழிசை மாநாடு, மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்ற குறையைப் பல்கலைக் கழகத்தின் முன்றிலுக்கே கொண்டுவந்து நிறுத்தியது. வளாகம் என்பது வகுப்பறை மட்டுமன்று, வழக்குரைக்கும் மன்றமுமாம் என்பது அன்று வெளிப்பட்டது. சேவியர் தனிநாயகம் அடிகளார் முதலியோர் 1964ல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவி, 1966ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினர். மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கிய பேராசிரியராக அடிகளார் இருந்தமையால், தமிழாராய்ச்சி கடல்கடந்த ஒரு வளாகத்தின் கொடையாகவும் ஆயிற்று.

நம்மவர் இலக்கியம் வளாகத்துக்குள் எவ்வாறு புகுந்தது என்பதே நாம் சிறப்பாக நோக்க வேண்டியது. இந்நூற்றாண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சீறாவும் இராஜநாயகமும் குத்பு நாயகமும் நம் வீடுகளில் மாலைநேரத்தில் ஓதப்பட்டன. ஞானப் பாடல்கள் தர்காக்களில் ஒலித்தன. பல்கலைக் கழகப் பாடத்திட்டத்திலோ சீறாவின் சில பாடல்கள் தலைகாட்டினாலே பெரிது. இலங்கையில் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அவர்கள், முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டினை இலங்கைப் பல்கலைக் கழகத்தில் ஆய்ந்து, 1953ல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டபோதுதான், இது தனியாக ஆராயத்தக்க ஒரு பரப்பு என்பது கற்றறிந்தோர்க்குப் புலனாயிற்று. தாய்மார் மடியில் கிடந்த நூல்களைப் பட்டியலிட்டுக் காலவரிசைப்படுத்தினார் அவர். பாட்டியின் பெட்டிக்குள் இருந்த அரபுத்தமிழ் ஏட்டுக்கு அதன்பின் ஒரு மதிப்பு வந்தது.

இதற்கிடையில் தமிழகத்தில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்குப் (1919) பின், 1951ல் சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சிராப்பள்ளி ஜமால் முகம்மது கல்லூரியும், 1955ல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும், 1956ல் உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரியும் எழுந்தன. ஜமால் முகம்மது கல்லூரியால் கல்வி மணம் பெற்ற திருச்சிராப்பள்ளியில் 1973ல் முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. பின்னர் 1978ல் காயல்பட்டினத்திலும், 1979ல் கொழும்பிலும், 1990ல் கீழக்கரையிலும் மாநாடுகள் நிகழ்ந்தன. அம்மாநாடுகளின் பெரும்பயன் மேடையிலன்று, மேடைக்கு முன்னிருந்த கூட்டத்திலேதான் விளைந்தது. வணிகரும் ஆலிம்களும் தமிழாசிரியரும், கீழக்கரை, காயல், நாகூர் வீடுகளிலிருந்து வந்த முதியோரும் ஒன்றாக அமர்ந்தனர். “இந்நூலின் ஏடு எம் வீட்டில் உளது” என்று கூறுவோர் இருக்கும் அவையிலேயே ஆய்வு வளரும். 1979ல் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை அமைய, உவைஸ் அவர்களே அதன் முதற் பேராசிரியராய் வந்தமர்ந்தார். பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவர் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் முதற்றொகுதி 1986ல் வெளிவந்தது. மற்றைத் தொகுதிகள் தொடர்ந்தன. மாநாடு, இருக்கை, நூல் என்ற இவ்வரிசையை நோக்குமின். அரங்கு ஒன்று கூடாதிருந்தால் இருக்கை எழுந்திராது. இருக்கை இன்றேல் அவ்வரலாறு எழுதப்பட்டிராது. மதிப்பெண் கூடுமா என்று வினவும் பெற்றோர்க்கு நாம் காட்டக்கூடிய சான்று இது.

எல்லா அரங்குகளும் இவ்வாறு பயன் தந்தன என்று கூற நாம் முன்வரவில்லை. பல்லிடங்களில் கருத்தரங்கு என்பது சான்றிதழ் வழங்கும் சடங்காகிவிட்டது. ஒரே நாளில் நூறு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மணித்துளி, வினாவுக்கு நேரமில்லை; கட்டுரையாளர் தம் கட்டுரையைப் படித்துவிட்டு அடுத்தவரைக் கேளாமலே பேருந்து ஏறுகின்றார். தடை விடை இல்லாத அவையை ஸீராஃபீ அவை என்று ஒப்பியிரார். கொழுத்த ஆய்வுக்கோவை அச்சாகி நூலகத்தில் உறங்குகின்றது. இந்நிலையில் இனி வரும் அரங்குகள் எதனை எடுத்துக்கொள்ள வேண்டும், யாரை மேடைக்கு அழைக்க வேண்டும் என்பதைத் தருமபுரி மாவட்டத்தில் வாழும் நாம் நம் கண்முன்னே நிற்கும் ஒரு மலையைக் கொண்டே சிந்திக்கலாம்.

தருமபுரி நகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் இருப்பது வத்தல்மலை. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். கொண்டையூசி வளைவுகள் இருபதுக்கு மேல். பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு முதலிய ஊர்கள் மேலே உள்ளன. காப்பியும் மிளகும் சாமையும் விளையும். இந்நூற்றாண்டில்தான் முறையான சாலையும் பேருந்தும் ஏறின. அதற்குமுன் நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து இறக்க வேண்டியிருந்தது. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று மயங்கற்க. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வந்த பெயர் அது, அவர் தாய்மொழி தமிழே. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை ஆகிய இடங்களிலும் இவ்வினத்தார் பரவியுள்ளனர்.

இவர்கள் மலையேறிய வரலாறு குறித்து ஜான் ஷார்ட் என்னும் ஆங்கில மருத்துவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒரு வழிக்கதையைப் பதிவு செய்தார். எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அதனை எடுத்தாண்டார். காஞ்சிபுரத்தில் வேளாளராய் வாழ்ந்த இம்மக்கள், தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி ஓங்கியபோது, பத்துத் தலைமுறைக்கு முன் அங்கிருந்து புறப்பட்டனர் என்றும், உடன்வந்த சகோதரர் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர் என்றும் அக்கதை கூறும்.

இதனைப் படிக்கும் முஸ்லிம் வாசகர் நெஞ்சில் ஒரு முள் தைக்காமற் போகாது. இவ்விடத்தில் இருவகைப் பிழை நேரக்கூடும். ஒன்று, இது ஆங்கிலேயர் கட்டிவிட்ட பொய் என்று ஆராயாது தள்ளுதல். மற்றொன்று, அச்சிலே வந்துவிட்டமையால் இதுவே வரலாறு என்று ஏற்று, அதனைக் கொண்டு அயலாரை அயலாரோடு மோதவிடுதல். மதரஸாவில் ஓதியவர் இவ்விரண்டையும் செய்யார். ஒரு செய்தி வந்தால் அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று சங்கிலியை ஆராய்வது ஹதீஸ் கலையின் முதற்படி. சொல்லப்பட்ட செய்தி மற்றச் சான்றுகளோடு பொருந்துகின்றதா என்று நோக்குவது அடுத்தபடி. ரிவாயத், திராயத் என்று இவற்றை வழங்குவர். வத்தல்மலைக் கதையை இவ்விரண்டு படிகளிலும் ஏற்றிப் பார்ப்போம்.

சங்கிலி நோக்கில் இக்கதை மெலிந்தது. ஷார்ட் அவர்களுக்கு இதனைச் சொன்ன மலைவாசி யார், எந்த ஊரார், என்ன வயதினர், எத்தனை பேர் ஒத்துரைத்தனர் என்ற விவரம் நம்மிடம் வந்து சேரவில்லை. மலைமக்கள் சொன்னதும், இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் சேர்த்ததும், எழுதியவர் விளக்கமாகக் கூட்டியதும் ஒன்றாகக் கலந்திருக்கக் கூடும். அக்காலத்து ஆங்கில ஆட்சியாளர், தமக்கு முன்னிருந்த ஆட்சி கொடுமையானது என்று காட்டுவதில் நாட்டமுடையவர் என்பதையும் மறத்தலாகாது. பாராமகால் எனப்பட்ட இந்நிலப்பகுதியே ஹைதர், திப்பு ஆகியோரின் ஆட்சியிலிருந்து 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாந்தர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலவரி வகுத்தனர். மன்றோ தருமபுரியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தார். மைசூர்ப் போர்களின் நினைவு இங்கு எழுதிய வெள்ளையர் மனத்தில் நெடுநாள் நின்றது.

காலக்கணக்கு நோக்கிலும் சிக்கல் உண்டு. ஷார்ட் எழுதிய காலத்தை ஏறத்தாழ 1870 என்று கொண்டு, தலைமுறைக்கு முப்பது ஆண்டு வீதம் பத்துத் தலைமுறை பின்னோக்கினால் 1570 வருகின்றது; இருபத்தைந்து வீதம் எண்ணினால் 1620. இவ்விரண்டு காலத்திலும் காஞ்சியை ஆண்டவர் விசயநகரத்து ஆரவீட்டு மரபினரேயன்றி முஸ்லிம் மன்னர் அல்லர். கோல்கொண்டாப் படை அப்பகுதியைக் கைக்கொண்டது 1640களில் தொடங்கியே. இருபது ஆண்டு வீதம் எண்ணினால் 1670 கிடைக்கும். அது கோல்கொண்டா ஆட்சிக்குள் விழும். ஆனால் அவ்வாட்சியை 1674 முதல் 1686 வரை நடத்திய தலைமை அமைச்சர் மாதண்ணா என்னும் அந்தணர் என்பதையும் உடன் வைத்தெண்ண வேண்டும். ‘பத்துத் தலைமுறை’ என்பது எண்ணிச் சொன்ன கணக்கன்று, ‘மிகப் பழைய காலம்’ என்பதற்கு வாய்வழக்காக வந்த தொகை என்று கொள்வதே பொருத்தம் என்பது நம் கருத்து.

அப்படியாயின் கதையில் உண்மையே இல்லையோ எனின், அங்ஙனம் கூறவும் நாம் துணியோம். 1688ஐ ஒட்டி, முகலாயப் படை தெற்கே பரவிய அச்சத்தால் காஞ்சி வரதராசரின் திருவுருவம் உடையார்பாளையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது; 1710ல் மீண்டது. இதற்குக் காஞ்சிக் கோயிலில் கல்வெட்டே இருக்கின்றது. ஆகவே காஞ்சி மக்கள் அஞ்சி ஊர் பெயர்ந்த காலம் ஒன்று மெய்யாகவே இருந்தது. அவ்வச்சத்துக்குக் காரணமான படை முஸ்லிம் அரசரின் படை என்பதும் மெய். மன்னர் செய்த போருக்கு மார்க்கம் பொறுப்பன்று என்று நாம் எத்துணை சரியாகக் கூறினும், ஓடியவரின் அச்சத்தை அது இல்லாததாக்கிவிடாது. அந்நினைவு பின்னாளில் மலைமக்களின் பழைய கதையோடு வந்து ஒட்டிக்கொண்டதா, அன்றி மலைமக்களின் சொந்த நினைவேயா என்பதுதான் ஆராய வேண்டுவது.

இங்கேதான் மற்றொரு கதை நமக்குக் கை கொடுக்கின்றது. தர்ஸ்டன் தொகுப்பிலேயே அதுவும் காணப்படுகின்றது. காஞ்சியில் இருந்த கரிராமன் என்னும் தெய்வம் அங்கிருப்பது ஒவ்வாமல் வேறிடம் பெயர்ந்ததாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் அடியார் மூவர் தத்தம் குடும்பத்தோடு அத்தெய்வத்தைத் தேடிப் புறப்பட்டனராம். சேலம் நாட்டை அடைந்ததும் அவர் வழிகள் பிரிந்தன. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் மஞ்சவாடிக்கும் சென்றனர். இக்கதையில் முகம்மதியர் ஆட்சி என்ற பேச்சே எழவில்லை. புறப்பட்டது பகைவர்க்கு அஞ்சியன்று, தெய்வத்தைத் தொடர்ந்து. மூவர் சென்ற மலைகளும் முதற் கதையோடு ஒத்துவரவில்லை. முதற் கதையில் பச்சைமலை இளையவருக்கு, இரண்டாவதில் நடுவருக்கு. மூவர் என்பதும் காஞ்சி என்பதும் மூத்தவர் சேர்வராயன் மலைக்குச் சென்றார் என்பதுமே இரண்டிலும் பொது. ஹதீஸ் கலை கற்றவர், பல வழிகளில் வந்த செய்தியில் எல்லா வழியும் ஒத்திருக்கும் பகுதியை வலிமையானதாகவும், ஒருவழியில் மட்டும் தனித்து நிற்கும் கூற்றை ஐயத்துக்குரியதாகவும் வைப்பர். அவ்வளவுகோலால் அளந்தால், முகம்மதியர் ஆட்சி பற்றிய சொல் தனித்து நிற்கும் கூற்றாகவே நிற்கின்றது. அதனைப் பொய் என்று இப்போதே தீர்க்க நமக்கு உரிமையில்லை. மெய் என்று தீர்க்கவும் எவர்க்கும் உரிமையில்லை.

தீர்ப்பதற்கு வேண்டுவன புதிய சாட்சிகள். அவை நூலகத்தில் இல்லை. பெரியூரிலும் சின்னாங்காட்டிலும் திண்ணைகளில் இருக்கின்றன. கலியாணத்தில் பாடும் பாட்டு, சாவு வீட்டில் பாடும் ஒப்பாரி, குலங்களின் பெயர், பெண் கொள்ளும் கொடுக்கும் முறை, ஊர்க் கவுண்டரின் வாய்மொழி ஆகிய இவற்றில் காஞ்சி எங்கே வருகின்றது, துலுக்கர் என்ற சொல் வருகின்றதா, வந்தால் எந்தத் தொனியில் வருகின்றது என்பதைக் கேட்டு எழுத வேண்டும். சாலை ஏறியபின் இளைஞர் கீழே இறங்குகின்றனர். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போகின்றனர். கதை அறிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். நம் தாய்மார் ஓதிய அரபுத்தமிழ்ப் பாடல்களில் எத்தனை எழுதப்படாமலே மண்ணுக்குள் போயின என்பதை அறிந்த நமக்கு இதன் அவசரம் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

1997ல் சேலத்தில் தோன்றிய பெரியார் பல்கலைக் கழகத்தின் எல்லைக்குள்ளே தருமபுரி மாவட்டம் அடங்கும். பைசுஹள்ளியில் அதன் முதுகலை விரிவாக்க மையமும் இருக்கின்றது. அரசு கலைக் கல்லூரியும் நகரிலேயே உளது. வரலாறும் தமிழும் கற்பிக்கும் இவ்வளாகங்களில் இனி அமையும் அரங்குகளுள் ஒன்றேனும் மலையாளி மக்களின் வழிக்கதைக்கென ஒதுக்கப்படுமாயின், அங்கே நம்மவரும் சென்று அமர வேண்டும் என்பது நம் விண்ணப்பம். தற்காப்புக்காகச் செல்ல வேண்டுவதில்லை. சங்கிலியை ஆராயும் கலை நம் கையில் இருக்கின்றது, கோல்கொண்டா, முகலாய ஆட்சிகளின் பாரசீக ஆவணங்களைப் படிக்க வல்ல ஆலிம்களும் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர், அவற்றை அவைக்குக் கொடுக்கச் செல்ல வேண்டும். நாகூரிற் பிறந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயில் (1921–2005) அவர்கள் கம்பன் கழக மேடையில் இராமகாதையை நுணுகி ஆய்ந்து பேசியபோது, இவர் யார் இதனைப் பேச என்று எவரும் கேட்டிலர். நூலறிவுக்கு அவை தந்த இடம் அது.

மேடையில் முதல் இருக்கை யாருக்கு என்பதில் மட்டும் நாம் சற்றுப் பிடிவாதம் காட்ட விரும்புகின்றோம். இத்தகைய அரங்குகளில் பழங்குடியினரை மாலை அணிவித்து, ஆடச் செய்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஆய்வுரை தொடங்கியதும் பின்வரிசைக்கு அனுப்பும் வழக்கம் ஒன்று பரவியுள்ளது. அது கூடாது. உக்காழ் கூடாரத்தில் பா பாடியவரே அதன் பொருளுக்கும் விடை சொன்னார். மலையிலிருந்து இறங்கி வருபவர் கதையைச் சொல்லவும், அது குறித்துப் பேராசிரியர் கூறுவதை மறுக்கவும், தாமே வினாத் தொடுக்கவும் நேரம் வேண்டும், ஐந்து மணித்துளி போதாது. சேர்வராயன் மலைக்குப் பெரியண்ணனும் மஞ்சவாடிக்குச் சின்னண்ணனும் சென்றனர் என்றால், வத்தல்மலைக்கு ஏறியவர் யார் வழியினர்? தர்ஸ்டன் இதற்கு விடை சொல்லவில்லை. பெரியூர் முதியவர் ஒருவர் சொல்லக்கூடும்.